இருபத்தொன்பது என்று நான் போட்ட மதிப்பெண்

இதை யாருக்கும் காட்டாதே. உன் கையில் எது கிடைத்தாலும் விடுதியில் நாலு பேரைக் கூட்டிவைத்து உரக்கப் படித்துக் காட்டுவாய். என் கட்டுரை நோட்டைக்கூட அப்படிப் படித்துச் சிரிக்க வைத்திருக்கிறாய். இந்த ஒன்றை மட்டும் உன்னோடு வைத்துக்கொள். இனி உன்னால் யாருக்கும் எதையும் காட்ட முடியாது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் இப்படிக் கெஞ்சிக் கேட்காமல் எழுதத் துணிவு வரவில்லை. உன் தங்கை வெண்ணிலாவிடமோ, வெள்ளிமலையில் உன் அம்மாவிடமோ, எங்கள் அப்பாவிடமோ இந்தத் தாள் போய்ச் சேர்ந்துவிடக் கூடாது.

நைனார்பாளையத்தில் எங்கள் வீட்டு மக்காச்சோள மூட்டை அறையில் உட்கார்ந்திருக்கிறேன். கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டேன். நாளை பேச வேண்டியதை மனப்பாடம் செய்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். மூட்டைகளின் மேல் ஒரு ஃபிளெக்ஸ் பேனர் சுருட்டிக் கிடக்கிறது. இன்று சாயங்காலம்தான் அச்சாகி வந்தது. புது மையும் பிளாஸ்டிக்கும் கலந்த அதன் வாடை சோளத்தின் வாசனையையே அமுக்கிவிட்டது. அப்பாதான் அடிக்கக் கொடுத்தார். பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் என்று அவர் படமும் ஓரத்தில் இருக்கிறது. நாளைக் காலையில் கள்ளக்குறிச்சியில் விழா மண்டபத்துக்கு எதிரே அதைக் கட்டுவார்கள். இந்த ஆண்டு மாவட்டத்துப் பள்ளிகள் சாதித்ததையெல்லாம் வரிசையாகச் சொல்லிக் கொண்டாடுகிற விழா. போன பொதுத்தேர்வில் பத்தாம் வகுப்பில் ஒருவர்கூடத் தோற்காத பள்ளிகளுக்குக் கேடயம் தருகிறார்கள். அதில் நம் பள்ளியும் ஒன்று. மாணவர்கள் சார்பில் ஏற்புரை சொல்லப் போவது நான்.

சாயங்காலம் அப்பா பேனரை வாசலில் விரித்துக் காட்டினார். பத்தாவது தொடங்கியபோது எடுத்த குழுப்படத்தைத்தான் போட்டிருக்கிறார்கள். கடைசி வரிசையில் எனக்கு இடப்பக்கம் நீ நின்றாய் அல்லவா? உன்னை வெட்டிவிட்டார்கள். ஆனால் என் தோளில் நீ போட்டிருந்த கை மட்டும் தப்பிவிட்டது. மணிக்கட்டு வரைக்கும்தான் இருக்கிறது. சுண்டுவிரலில் நீ சுற்றியிருந்த பச்சை நூல்கூடத் தெரிகிறது. அப்பா குனிந்து உற்றுப் பார்த்தார்.

"யாரு பாப்பா இது, உன் தோள்ல கை போட்டுக்கினு?"

"பின்னாடி நின்ன பொண்ணுப்பா. யாருன்னு ஞாபகம் இல்ல."

இப்படித்தான் சொன்னேன். வாயிலிருந்து எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா?

ஒன்பதாம் வகுப்பில் நீ வந்து சேர்ந்த முதல் நாளிலேயே தாமதம். "ஏன் லேட்டு?" என்று கணக்கு சார் கேட்டார். நீ கொஞ்சமும் பயப்படாமல், "நான் லேட்டு இல்ல சார், பஸ்சுதான் லேட்டு. அதக் கேளுங்க சார்" என்றாய். வகுப்பே சிரித்தது. சாரும் சிரித்துவிட்டுத்தான் வெளியே நிற்க வைத்தார். நீ வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு, உள்ளே நடந்த பாடத்தை ஏதோ கூத்துப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாய். எனக்கு அப்போதே உன்னைப் பிடித்துப்போனது. எனக்கு எப்போதும் எல்லாவற்றுக்கும் பயம். பயமில்லாதவர்கள் பக்கத்தில் இருந்தால் கொஞ்சம் மூச்சு விட முடியும்.

பத்தாவதில் ஜோடி போட்டார்கள். முப்பத்தைந்துக்குக் கீழே எடுப்பவர்களுக்கு 'மெல்ல மலரும் மாணவர்' என்று பெயர் வைத்து, முதல் வரிசையில் இருப்பவர்களிடம் ஆளுக்கு ஒருவரை ஒப்படைத்தார்கள். வகுப்பில் அதைச் சுருக்கி 'மெல்லம்' ஆக்கிவிட்டார்கள். "ஏ மெல்லம், இங்க வா" என்று யாரோ உன்னைக் கூப்பிட்டதற்கு நீ சொன்னது இன்றும் காதில் இருக்கிறது. "மெல்லமா போனாலும் நாங்க மலை ஏறிடுவோம்டி. நீங்கல்லாம் மூணாவது வளைவுலயே வாந்தி எடுப்பீங்க."

நீ என் ஜோடி. நான் சொல்லிக்கொடுக்க வேண்டும், வாராவாரம் தேர்வு வைக்க வேண்டும், தாளையும் நானே திருத்த வேண்டும். சார் மதிப்பெண்ணை மட்டும் தன் நோட்டில் எழுதிக்கொள்வார். அத்தனை தாளையும் அவரால் பார்க்க முடியாது. ஒரு விதியும் சொல்லியிருந்தார்: "உன் ஜோடி பப்ளிக்ல போச்சின்னா, பிரேயர்ல அவ பேருக்குப் பின்னாடியே உன் பேரையும் படிப்பேன்." வேடிக்கைக்குத்தான் சொன்னாரோ என்னவோ. நான் அன்றிலிருந்து சரியாகத் தூங்கவில்லை.

உனக்குக் கணக்கில் பிடித்தது வரைபடம் ஒன்றுதான். எட்டு மதிப்பெண். அட்டவணை போட்டு, புள்ளி வைத்து, எல்லாவற்றையும் சேர்த்து வளைகோடு இழுக்க வேண்டும். எனக்குப் பத்துமுறை அழித்தாலும் வளைவு உடைந்து உடைந்து வரும். நீ ஒரே இழுப்பில் இழுப்பாய். மூச்சைப் பிடித்துக்கொண்டு, நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு. இழுத்து முடித்ததும் தாளைத் தூரப் பிடித்துப் பார்த்து, "எங்கூரு பள்ளம் மாதிரியே வந்துச்சி பாரு. இந்தப் பக்கம் எங்க வூடு, அந்தப் பக்கம் மாமா வூடு" என்பாய்.

இனி எழுதப்போவதைத்தான் இவ்வளவு நேரம் தள்ளிப்போட்டேன்.

பொதுத்தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் அனுப்புகிற வாரம் அது. அந்த வாரம் ஜோடிகளுக்கு நாங்கள் வைக்கிற கணக்குத் தேர்வில் வருகிற மதிப்பெண்ணை வைத்துத்தான் யாரை அனுப்புவது, யாரை நிறுத்துவது என்று தலைமையாசிரியை முடிவு செய்வார் என்று எங்களுக்கெல்லாம் தெரியும். உன் தாளைத் திருத்தினேன். முப்பத்தேழு வந்தது. நம்பாமல் மூன்றுமுறை கூட்டினேன். முப்பத்தேழுதான். நீ தேறிவிட்டாய்.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை. பயம். இங்கே முப்பத்தேழு எடுத்தவள் அங்கே முப்பத்துமூன்று எடுத்தால் என்ன ஆகும்? இரண்டே மதிப்பெண்தானே கையிருப்பு. நூறு சதவீதம் உன்னால் உடையும், பிரேயரில் என் பெயர் வரும், அப்பா தலைவராக மேடையில் உட்கார்ந்து அதைக் கேட்பார். நீ பட்டியலிலேயே இல்லாவிட்டால் இது எதுவும் நடக்காது. இப்படி வரிசையாக யோசித்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. கை முந்திக்கொண்டது. வரைபடத்துக்குப் போட்டிருந்த எட்டை அடித்தேன். மேலே இருபத்தொன்பது என்று எழுதினேன்.

அதோடு நின்றிருந்தால்கூட என்னைக் கொஞ்சம் மன்னித்திருப்பேனோ என்னவோ. நீ தாளை வாங்கிப் பார்த்தாய். முகம் சுருங்கியது. ஆனால் சண்டை போடவில்லை. என் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து, "எங்கடி தப்பு? காட்டு. அடுத்தவாட்டி தப்பா போடமாட்டேன்" என்றாய்.

காட்டுவதற்குத் தப்பு இல்லை. அட்டவணையில் மைனஸ் மூன்றுக்குக் கீழே வர்க்கம் ஒன்பது என்று சரியாகவே எழுதியிருந்தாய். நான் அதில் விரலை வைத்து, "இங்க மைனஸ் ஒம்பது வரணும்" என்றேன்.

"மைனஸையும் மைனஸையும் பெருக்கினா பிளஸ்னு நீதான சொன்ன?"

"அது வேற, இது வேற. வரைபடத்துல அப்படி இல்ல."

நீ என்னைப் பார்த்தாய். பிறகு பேனாவை எடுத்து ஒன்பதுக்கு முன்னால் ஒரு சின்னக் கோடு போட்டாய். நாலுக்கு முன்னால் ஒன்று, ஒன்றுக்கு முன்னால் ஒன்று. பென்சிலில் இழுத்திருந்த அந்த வளைவை ரப்பரால் நீயே அழித்தாய். புதிய புள்ளிகளை வைத்துச் சேர்த்தபோது ஒரு பக்கம் மேலே ஏறியது, இன்னொரு பக்கம் கீழே தொங்கியது. "இது பார்க்க நல்லாவே இல்லியேடி" என்று மட்டும் சொன்னாய். இனி எந்த ஆசிரியர் அந்தத் தாளைப் பார்த்தாலும் என் இருபத்தொன்பதுதான் சரி என்பார். உனக்கு எதிரான சாட்சியை உன் கையாலேயே செய்ய வைத்தேன்.

அடுத்த திங்கட்கிழமை உன் அம்மாவை வரச்சொன்னார்கள். முதல் பஸ்ஸில் இறங்கி, ஒரு பையில் கொய்யாவோடு தலைமையாசிரியை அறை வாசலில் நின்றார்கள். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னையும் கூப்பிட்டார்கள்.

"இந்த வருஷம் வேணாம்மா. எழுதி பெயிலானா பொண்ணுக்குத்தான் அசிங்கம். அடுத்த வருஷம் தனியா எழுதிக்கட்டும், நாங்களே பணம் கட்டறோம்" என்றார் தலைமையாசிரியை. குரலில் கோபம் இல்லை. அன்பாகவே சொன்னார்.

"நல்லா படிக்குதுன்னு சொல்லுச்சிங்களே" என்று உன் அம்மா என்னைப் பார்த்தார்கள். "இந்தப் பாப்பாதான் சொல்லிக் குடுக்குதாமே. நீ சொல்லு பாப்பா, எழுதினா தேறாதா?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டு, "கஷ்டங்க" என்றேன்.

'என் மகளுக்கு உடல்நலம் சரியில்லாததால் இவ்வாண்டு தேர்வு எழுத இயலாது' என்று உன் அம்மா எழுதுவதுபோல் நான் எழுதினேன். உன் அம்மா தன் பெயரை எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டார்கள். போகும்போது எனக்கு இரண்டு கொய்யா கொடுத்தார்கள். உன்னைப் போலவே இன்னும் மூன்று பேருக்கும் அந்த வாரம் கடிதம் எழுதினேன். அவர்களில் யார் தேறியிருப்பார்கள் என்பது எனக்குத் தெரியாது. உன் விஷயத்தில் மட்டும் எனக்குத் தெரியும்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு நீ விடுதியை விட்டுப் போனபோது நான் பள்ளிக் கழிவறையில் ஒளிந்துகொண்டேன். நீ வெளியே நின்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாய். "ஏய், வயித்துவலியா? சரி, நான் போறேன். லெட்டர் போடு" என்றாய். நான் போடவில்லை. இதுதான் உனக்கு நான் எழுதுகிற முதல் கடிதம்.

முடிவு வந்தபோது பள்ளியில் லட்டு கொடுத்தார்கள். உனக்குப் பணம் கட்டி விண்ணப்பிப்பதை யாரும் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. நானும் நினைவூட்டவில்லை.

கடைசியாக உன்னைப் பார்த்தது இந்தப் பொங்கல் முடிந்த வாரம். கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் சேலம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாய். உன் அம்மாவும் ஊர்க்காரர்களும் கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போகிறார்கள், நீயும் போகிறாய். நான் பார்க்காததுபோல் நடந்தேன். நீ ஜன்னல் கம்பியைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டாய்.

"இன்னாடி, பதினொன்னாவுது போனதும் கண்ணு தெரியலியா?"

நான் சிரித்தேன். இளைத்திருக்கிறாயே என்று கேட்டதற்கு, "நீ ஜாஸ்தி ஆயிட்ட, அதான் நான் கம்மியா தெரியறேன்" என்றாய். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஏதோ நல்ல செய்தி சொல்வதுபோல் சொன்னாய்: "வெண்ணிலா நம்ப ஸ்கூல்லதான் ஒம்பதாவுது சேர்ந்திருக்குது, பாத்தியா? அந்த மைனஸ் கணக்கு இருக்குதே, அத நான் அதுக்கு முன்னாடியே சொல்லிக் குடுத்துட்டேன். நான் கோட்ட விட்டேன், அது விடக்கூடாது பாரு."

பஸ் கிளம்ப இன்னும் நேரம் இருந்தது. ஓட்டுநர் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தார். நான் காட்டியதுதான் தப்பு, நீ முதலில் போட்டதுதான் சரி என்று சொல்ல அந்த நேரம் தாராளமாகப் போதும். நான், "பத்திரமா போய்ட்டு வா" என்றேன்.

போன இடத்தில் காய்ச்சல். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்று விடுதிக் காப்பாளர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். உன்னை மலைக்குக் கொண்டுவந்தார்கள். விடுதிப் பிள்ளைகள் ஜீப்பில் ஏறிப் போனார்கள். எனக்குத் தேர்வு இருக்கிறது என்று சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்தேன். தேர்வு எதுவும் இல்லை. மறுநாள் பிரேயரில் உனக்காக ஒரு நிமிடம் நிற்பார்கள் என்று எதிர்பார்த்தேன். நிற்கவில்லை. நீ நம் பள்ளியின் பட்டியலில் இல்லை. அன்று விளையாட்டில் மாவட்ட அளவில் வென்றவர்களின் பெயர்களைப் படித்தார்கள், எல்லாரும் கைதட்டினோம். பட்டியலில் இருந்திருந்தால் இந்நேரம் நீ என்னோடு பதினொன்றாம் வகுப்பில் இருந்திருப்பாய். மிளகுத் தோட்டத்துக்கு ஏன் போகப்போகிறாய்? காய்ச்சல் எங்கே வேண்டுமானாலும் வரும் என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். அது எனக்குள் நிற்கவே மாட்டேன் என்கிறது.

இன்று மத்தியானம் விழாவுக்கு ஒத்திகை. தமிழ் ஐயா எழுதிக் கொடுத்த ஏற்புரையை மைக்கில் படித்தேன். அதில் ஒரு வரி: 'எங்கள் பள்ளி ஒருவரைக்கூட வழியில் விட்டுவிட்டு வரவில்லை.' அந்த இடத்தில் நிறுத்தி, கூட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று ஐயா சொல்லியிருந்தார். நிறுத்திப் பார்த்தேன். வரவேற்பு நடனத்துக்கு வந்த பிள்ளைகளோடு முன்னால் உட்கார்ந்து வெண்ணிலா கைதட்டிக்கொண்டிருந்தாள். உன் பல் வரிசை அப்படியே அவளுக்கு.

ஒத்திகை முடிந்ததும் கணக்கு நோட்டோடு என் பின்னாலேயே வந்தாள்.

"அக்கா, ஒரு நிமிசம். இத நீங்க சார்கிட்ட வந்து சொல்லணும்."

நோட்டைப் பிரித்துக் காட்டினாள். மைனஸ் மூன்றின் வர்க்கம், மைனஸ் ஒன்பது. மைனஸ் ஐந்தின் வர்க்கம், மைனஸ் இருபத்தைந்து. பக்கம் பக்கமாகச் சிவப்புப் பெருக்கல் குறி.

"வருசம் பூரா இதுக்குத்தான் மார்க்கு போச்சிக்கா. சார் மாத்தச் சொல்றாரு, நான் மாத்தல. எல்லாரும் சிரிக்கறாங்க. எங்கக்கா சொல்லிக் குடுத்தது தப்பா இருக்காதுன்னு சொல்லிட்டேன். உங்ககிட்டதான் கத்துக்கினேன்னு அது சொல்லும். நீங்கதான் ஸ்கூல் ஃபர்ஸ்ட்டு, நீங்க சொன்னா சார் கேப்பாரு."

"மாத்திக்க வேண்டியதுதான வெண்ணிலா? சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"அது எனக்கு விட்டுட்டுப் போனது இதாங்க்கா. அடுத்த வருசம் பத்தாவுதுக்கு மெல்ல மலரும் லிஸ்ட்டு இப்பவே போட்டுட்டாங்க. என் பேரும் இருக்குது. எங்கக்கா இருந்த லிஸ்ட்டு."

அவள் அழவில்லை. உன்னைப் போலவே நேராகப் பார்த்தாள். நான், "நாளைக்கு சொல்றேன்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடி வந்தேன். ஓடும்போது ஒன்று புரிந்தது. இன்னொரு பட்டியல், இன்னொரு கடிதம், இன்னொரு கொய்யாப் பை எல்லாம் தயாராகிக்கொண்டிருக்கிறது. அடுத்த ஆண்டும் நம் பள்ளிக்குக் கேடயம் கிடைக்கும்.

உன்னைக் காப்பாற்ற இனி என்னால் முடியாது. மேடையில் ஏறி எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன் என்று உன்னிடம் பொய் சொல்லவும் மாட்டேன். அவ்வளவு துணிவு எனக்கு இல்லை, உனக்குத் தெரியும். ஆனால் நாளை விழாவுக்குப் போகும் பஸ்ஸில் வெண்ணிலா என் பக்கத்தில்தான் உட்காருவாள். நீ எழுதியதுதான் சரி, அதைத் தப்பாக்கியது நான், நீ வாங்கியது முப்பத்தேழு என்று அவளிடம் சொல்லப் போகிறேன். அவள் ஏன் என்று கேட்பாள். பயந்தேன் என்பேன். அதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்க மாட்டேன், சேர்த்தால் அது சமாதானம் ஆகிவிடும். அவள் என்னை அடித்தால் வாங்கிக்கொள்வேன். பேசாமல் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டால் அதையும். உனக்குச் செய்ததை நான் சாகும்வரை சுமக்கத்தான் வேண்டும். அதில் பாதியை அவள் தெரியாமல் சுமந்துகொண்டிருக்கிறாள். அதை மட்டுமாவது அவளிடமிருந்து இறக்கிவிட வேண்டும்.

இதை எழுதிவிட்டேனே தவிர, விடிந்தால் இந்தத் துணிவு இருக்குமா என்று தெரியவில்லை. பகலில் நான் வேறு ஆளாகிவிடுகிறேன். யாரிடமாவது இப்போதே சொல்லிவிட்டால் பின்வாங்க முடியாது என்றும் தோன்றுகிறது. ஆனால் இந்த வீட்டில் யாரிடம்

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா.

"பாப்பா, தூங்கலியா? அந்தப் பேச்ச ஒருவாட்டி எனக்குப் படிச்சிக் காட்டேன். ஆசையா இருக்குது."

தாழ்ப்பாளைத் திறக்கப் போகிறேன். முதலில் இவரிடம் சொல்லிவிடுகிறேன்.